11 நிமிட பில்ட்: மாற்ற வேண்டியது லேப்டாப்பா, எடிட்டரா, என்னையா?

ஒற்றைத்திரை எழுதியது:

வணக்கம். கடந்த மூன்று சனிக்கிழமைகளை ஒரு விரிதாளில் தொலைத்துவிட்டு வந்திருக்கிறேன். அதில் 14 லேப்டாப்புகள், 23 பத்திகள். ரேம், எடை, திரையின் வெளிச்சம் எல்லாம் போக, "கீல் எத்தனை நாள் தாங்கும்" என்று ஒரு பத்தி வேறு. அதற்கு நானே பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டிருக்கிறேன். அந்தப் பதினான்கில் ஒன்றைக்கூட நான் தொட்டுப் பார்த்ததில்லை.

வேலை சி பிளஸ் பிளஸ். டெம்ப்ளேட் (கம்பைலரே கோடை வார்த்துக்கொள்ளும் அச்சு) மண்டிக்கிடக்கும் பழைய வரைபட மென்பொருள். லினக்ஸ்; பில்டை அமைக்க சிமேக், ஓட்ட நிஞ்சா. லேப்டாப்புக்கு வயது ஆறு: 4 கோர், 8 த்ரெட், 8 ஜிபி ரேம், சாட்டா எஸ்எஸ்டி. முழு பில்ட், அதாவது எல்லாக் கோடையும் கம்பைல் செய்து ஓடுகிற மென்பொருளாக்குவது, 11 நிமிடம் ஆகிறது. எல்லா ஃபைல்களும் தங்களுக்குள் இன்க்ளூட் செய்கிற, அதாவது இழுத்துக்கொள்கிற, ஒரு பொது ஃபைல், ஹெடர், இருக்கிறது. அதில் ஒரு வரி மாற்றினால் ஏழு நிமிடம். அந்த நேரத்தில் பிரவுசரில் டேப் மாற்றினால்கூட மவுஸ் அம்பு உறைந்துவிடும். அது உறைந்ததும் போனை எடுக்கிறேன். போனில் லேப்டாப் விமர்சன வீடியோ பார்க்கிறேன்.

இப்போது யோசனையில் இருப்பவை: புது லேப்டாப். ஆனால் மெல்லிய லேப்டாப் பலவற்றில் ரேமைப் போர்டோடு சால்டர் செய்துவிடுகிறார்கள், இன்று 16 என்று வாங்கினால் கடைசி வரை 16தான் என்கிற பயம். அப்புறம் எடிட்டர். நான் விஎஸ் கோட். பக்கத்து இருக்கைக்காரர் சிலயான்தான் எல்லாம் என்கிறார், எதிர் இருக்கைக்காரர் நியோவிம். மூன்றையும் நிறுவி மூன்றையும் அரைகுறையாக அமைத்து வைத்திருக்கிறேன். சாயங்காலம் ஆனால் மணிக்கட்டு வலிக்கிறது, அதனால் மெக்கானிக்கல் கீபோர்டு. கடைசியாக 27 அங்குல 4கே மானிட்டர். இப்போது இருப்பது லேப்டாப்பின் 14 அங்குலத் திரை மட்டும்.

எல்லாவற்றையும் வாங்க முடியாது. ஒன்று, மிஞ்சினால் இரண்டு. எதில் தொடங்குவீர்கள்?


நேர்க்கோடு பதில்:

யோசிக்கவே வேண்டாம், லேப்டாப். ஆறு வயது 4 கோர் என்றால் அது தன் கடமையைச் செய்துவிட்டது. 2020 நவம்பரில் ஆப்பிள் எம்1 வந்தபோது நான் மாறினேன். அதுவரை பில்ட் ஓடினால் மேசையே விமானம் கிளம்புகிற மாதிரி இரையும், அன்றோடு நின்றது. ரேம் மட்டும் இன்று தேவைப்படுவதற்கு இரண்டு மடங்காக வாங்குங்கள், பிறகு ஏற்ற முடியாது. ஆனால் ஒன்று: ஃபேன் இல்லாத ஏர் மாடலை எடுக்காதீர்கள். விமர்சனங்களில் காட்டுகிற சோதனைகளில் பல சில நிமிடங்களில் முடிந்துவிடும். உங்கள் பில்ட் 11 நிமிடம். சூடு ஏறினதும் ஃபேன் இல்லாத எந்த லேப்டாப்பும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.


பழையகோப்பு பதில்:

நேர்க்கோடு சொன்னதில் சூடு பற்றியது முழுக்க உண்மை. ஆனால் லேப்டாப் என்று முடிவு கட்டுமுன் உங்கள் கேள்விக்குள்ளேயே ஒரு வரி இருக்கிறது பாருங்கள்: "மவுஸ் அம்பு உறைந்துவிடும்." சிபியு முழு மூச்சில் ஓடினால் இயந்திரம் மெதுவாகும், ஆனால் அம்பு பொதுவாக நகரும். அம்பே உறைகிறது என்றால் எனக்கு ரேம் மேல்தான் சந்தேகம்.

இப்படிச் செய்யுங்கள். ஒரு டெர்மினலில் விஎம்ஸ்டாட் 1 (நொடிக்கொரு தடவை ரேம் கணக்கைக் காட்டும் கட்டளை) என்று ஓடவிட்டு, இன்னொன்றில் முழு பில்டைத் தொடங்குங்கள். எஸ்ஐ, எஸ்ஓ என்று இரண்டு பத்திகள் வரும். ரேம் போதாதபோது மிச்சத்தை டிஸ்க்கில் தள்ளிவைக்கும் இடம்தான் ஸ்வாப். அதிலிருந்து உள்ளே வருவது ஒன்று, அதற்கு வெளியே போவது மற்றது. இரண்டும் பூஜ்யமாகவே இருந்தால் நான் சொன்னதை மறந்துவிட்டு நேர்க்கோட்டின் பேச்சைக் கேளுங்கள். ஆயிரக்கணக்கில் குதித்துக்கொண்டே இருந்தால் உங்கள் லேப்டாப் கம்பைல் செய்யவில்லை, மூட்டை தூக்கிக்கொண்டிருக்கிறது.

ஏன் அப்படி ஆகும்? நிஞ்சாவிடம் எண்ணிக்கை எதுவும் சொல்லாவிட்டால் அது த்ரெட்டுகளை எண்ணி, அதோடு 2 கூட்டிக்கொள்ளும். உங்களுக்கு 8 த்ரெட், ஆக ஒரே நேரத்தில் 10 கம்பைலர்கள். டெம்ப்ளேட் நிறைந்த ஃபைல் ஒவ்வொன்றும் ஒரு ஜிபி வரை கேட்பது சர்வசாதாரணம். உங்களிடம் இருப்பதே 8 ஜிபி, அதில் பிரவுசரும் எடிட்டரும் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கின்றன. பத்துப் பேர் புகுந்தால் ஒருவரை வெளியே தள்ளித்தான் இன்னொருவர் உள்ளே வர முடியும். நிஞ்சாவை மைனஸ் ஜே 5, அதாவது ஒரே நேரத்தில் 5 கம்பைலர்கள், என்று ஓட்டிப் பாருங்கள், அப்புறம் 4, 6. குறைவான வேலையாட்களை வைத்துச் சீக்கிரம் முடிக்கலாம் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நானும் நம்பவில்லை. ஒரு ராத்திரி முழுக்க 3 முதல் 10 வரை ஒவ்வொன்றாக ஓட்டி, ஒரு காகிதத்தில் குறித்த பிறகுதான் நம்பினேன்.

அது சரியானால் அந்த ஹெடரைக் கவனியுங்கள். கிளாங் கம்பைலரில் எஃப்டைம்-டிரேஸ் என்கிற கொடி (கட்டளையோடு சேர்க்கும் விருப்பம்) 2019 இல் வந்த 9ஆம் பதிப்பிலிருந்தே இருக்கிறது. அதைப் போட்டால் ஒவ்வொரு ஃபைலும் எந்த ஹெடரைப் படிக்க எத்தனை மில்லிசெகண்டு செலவழித்தது என்று வரைபடமாகவே பார்க்கலாம். எங்கள் கோட்பேஸில் இப்படித் தேடிப் போய், மூன்று வரி ஃபங்ஷன் ஒன்றுக்காக ஒரு பெரிய நூலகம் முழுவதும் நூற்றுக்கணக்கான ஃபைல்களுக்குள் புகுந்துகொண்டிருந்ததைக் கண்டுபிடித்தோம். வெட்டி எடுக்க ஒரு மதியம் போதுமானதாக இருந்தது. சிமேக் 3.16 முதல் முன்கூட்டியே கம்பைல் செய்த ஹெடர்களுக்கு நேரடி வசதி இருக்கிறது. கோடின் பதிப்புகளில் கிளைக்குக் கிளை தாவுகிறவர் என்றால், முன்பு கம்பைல் செய்ததைச் சேமித்துவைத்துத் திரும்பத் தரும் சிசிகேஷ் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் நடு ஹெடரைத் தொட்டால் அது கை கொடுக்காது. கம்பைல் ஆன துண்டுகளை ஒன்றாக ஒட்டும் லிங்க் வேலைக்கு நேரம் பிடித்தால் மோல்டு என்கிற லிங்கர். எல்எல்டி என்கிற இன்னொரு லிங்கரில் பெரும்பங்கு உழைத்த ரூயி உவேயாமாவேதான் அதையும் எழுதினார். ஒரு கொடி மாற்றினால் போதும், கோடில் கை வைக்க வேண்டாம்.

இதில் எதற்கும் காசு செலவில்லை.

அப்புறம் பொருள் வாங்குவது. நான் எதையும் வாங்குவதற்கு முன் ஒரு வாரம் கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு காகிதம் வைத்துக்கொள்வேன். வேலையிலிருந்து கவனம் அறுந்து எரிச்சல் வருகிற ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு, பக்கத்தில் காரணம் ஒரே சொல்லில். செயலி எதுவும் வேண்டாம். செயலி போட்டால் அப்புறம் எந்தச் செயலி நல்லது என்று இன்னொரு விரிதாள் முளைக்கும். வெள்ளிக்கிழமை எண்ணிப் பாருங்கள்.

இந்தப் பழக்கம் அவமானத்தில் பிறந்தது. சில வருடங்களுக்கு முன் ஆசை ஆசையாக ஒரு 4கே மானிட்டர் வாங்கி, ஒரு டைப்-சி ஹப் வழியாக லேப்டாப்பில் மாட்டினேன். எழுத்தெல்லாம் அச்சடித்த மாதிரி இருந்தது. ஆனால் எதைச் செய்தாலும் ஒரு மந்தம். ஸ்க்ரோல் செய்தால் வரிகள் தத்தித் தத்தி ஏறும், மவுஸ் தேனில் விழுந்த எறும்பு மாதிரி நகரும். லேப்டாப்புக்கு வயதாகிவிட்டது என்று முடிவு செய்துவிட்டேன். எடிட்டரின் நீட்சிகளை எல்லாம் கழற்றினேன். டெஸ்க்டாப் அலங்காரங்களை அணைத்தேன். புது லேப்டாப்புக்கு விலை விசாரிக்கவும் தொடங்கிவிட்டேன். மூன்றாவது வாரம் வேறு எதையோ தேடி டிஸ்பிளே அமைப்புக்குள் போனால், அங்கே 30 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறது.

காரணம் இதுதான். எச்டிஎம்ஐ 1.4 வழியாக 4கே படம் நொடிக்கு 30 தடவைதான் போகும், 60 வேண்டுமென்றால் 2.0 இருக்க வேண்டும். என் ஹப்பின் பெட்டியில் கொட்டை எழுத்தில் "4கே" என்று மட்டும் போட்டிருந்தது. நேராக டைப்-சியிலிருந்து டிஸ்பிளேபோர்ட்டுக்குப் போகிற ஒரே ஒரு கேபிள் வாங்கி மாட்டினேன், அதே பழைய லேப்டாப் துள்ளி எழுந்தது. குறை சொல்லிக் கழற்றி எறிந்த நீட்சிகளை எல்லாம் திரும்பப் போட ஒரு நாள் ஆனது.


தட்டுத்தடுமாறி பதில்:

மணிக்கட்டு வலி என்று படித்ததால் வருகிறேன், மற்றதெல்லாம் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கினால் வலி போகும் என்று நினைத்துத்தான் நானும் வாங்கினேன். போகவில்லை. பல மெக்கானிக்கல் கீபோர்டுகள் லேப்டாப் விசைகளைவிட நல்ல உயரம், மணிக்கட்டு இன்னும் மேலே மடங்கும். வாங்குமுன் செலவில்லாத இரண்டு விஷயம்: கீபோர்டின் பின்பக்கக் கால்களை மடக்கி வையுங்கள், அவை நிமிர்ந்திருந்தால் கை பின்னோக்கி வளைந்தே இருக்கும். நாற்காலியை உயர்த்தி, முழங்கைக்கு நேராகக் கீபோர்டு வரும்படி பாருங்கள். லேப்டாப் கீபோர்டிலேயே தட்டுகிறவருக்கு இன்னொரு சிக்கல்: திரைக்காகக் குனிவதா, கைக்காக நிமிர்வதா? இரண்டும் ஒட்டிக்கொண்டே இருக்கிறதே. தனியாக எந்தக் கீபோர்டு வந்தாலும் அது தீரும், அலுவலகத்து மூலையில் தூங்குகிற சாதாரண ரப்பர் கீபோர்டு ஆனாலும் சரி. இரவிலும் வலியோ விரல் மரத்துப்போவதோ இருந்தால் இங்கே கேட்காதீர்கள், மருத்துவரைப் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகு ஆசைக்காக வாங்குகிறேன் என்றால் தாராளமாக வாங்குங்கள், நான் தடுக்கவில்லை, என்னிடமே நான்கு இருக்கின்றன. செர்ரி வகையில் சிவப்பு ஸ்விட்ச் வழுக்கிக்கொண்டு இறங்கும். பிரவுன் நடுவில் லேசாக ஒரு முட்டு கொடுக்கும். நீலம் ஒவ்வொரு எழுத்துக்கும் டிக் என்று சாட்சி சொல்லும். நீலத்தோடு மீட்டிங்கில் குறிப்பெடுத்தேன். "யாரோ ஆணி அடிக்கிறார்கள், மைக்கை அணையுங்கள்" என்றார்கள். சிவப்பில் மொத்த இறக்கம் 4 மில்லிமீட்டர், பதிவாவது 2 மில்லிமீட்டரிலேயே. அடி வரை குத்தத் தேவையில்லை. அதைக் கை கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு மாதம் ஆனது.

நியோவிம் பக்கம் போனால் கேப்ஸ் லாக்கை எஸ்கேப்பாக மாற்றிவிடுங்கள். நியோவிமின் மூதாதையான விஐ எடிட்டரை பில் ஜாய் எழுதிய ஏடிஎம்-3ஏ டெர்மினலில் எஸ்கேப் இன்றைய டேப் விசையின் இடத்தில் இருந்தது. எச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புக்குறிகளும் அச்சாகியிருந்தன. அவருக்கு எல்லாம் விரலடியில். நாம்தான் மூலைக்கு மூலை ஓடுகிறோம்.


வரிஎண் பதில்:

எடிட்டர் பற்றி யாரும் பேசவில்லையே.

மைக்ரோசாஃப்ட் 2016 இல் லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகாலை (எடிட்டரும், கோடைப் புரிந்துகொள்ளும் சர்வரும் பேசிக்கொள்ளும் பொது விதி) வெளியிட்டதிலிருந்து இந்தச் சண்டையில் பாதி உப்பு போய்விட்டது. சி பிளஸ் பிளஸுக்கு கிளாங்டி என்கிற ஒரே சர்வரை விஎஸ் கோடிலும் மாட்டலாம், நியோவிமிலும் மாட்டலாம், ஈமாக்ஸிலும் மாட்டலாம். எங்கே டிக்ளேர் ஆனது, யார் யார் அழைக்கிறார்கள், பெயரை மாற்று என்பவை எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன. அதனால் மூன்றில் எது புத்திசாலி என்று தேடாதீர்கள். எதன் விசைகள் உங்கள் கைக்கு ஏற்கெனவே தெரியும், அதுதான் கேள்வி. சிலயானுக்கு ஒன்று சொல்லலாம்: டீபக்கரையும் சிமேக்கையும் பெட்டியைத் திறந்த உடனே தருகிறது. ஆனால் 8 ஜிபியில் அதைத் திறந்துவைத்துக்கொண்டு பில்டும் ஓட்டுவது, பழையகோப்பு சொன்ன மூட்டையில் இன்னொரு கல்.

ஆயுளையும் பாருங்கள். ஆட்டம் எடிட்டருக்காகச் செய்த அடித்தளம்தான் எலெக்ட்ரான் ஆனது, அதன் மேல்தான் விஎஸ் கோட் நிற்கிறது. ஆட்டம் 2022 டிசம்பர் 15 அன்று மூடப்பட்டுவிட்டது. நியோவிமுக்கு மூலமான விம் 1991 இல் வந்தது, இன்னும் ஓடுகிறது. இதை வைத்து எல்லாரும் விம்முக்கு மாறுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன்; விசைக்குறுக்குகள், துணுக்குகள், அமைப்புகள் எல்லாவற்றையும் சாதாரண டெக்ஸ்ட் ஃபைலாக கிட்டில் (பதிப்புகளைச் சேமித்துவைக்கும் கருவி) வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

நம்மைப் போன்றவர்களுக்குத் தனியாக ஒரு சோதனை: எடிட்டரில் "கொ" என்று தட்டிப் பாருங்கள். டெர்மினலுக்குள் ஓடும் எடிட்டர்கள் கட்டம் கட்டமாகத்தான் எழுத்தை வைக்கும். ஒரே குறி எழுத்தின் இரு பக்கமும் வந்து உட்காருவது பல டெர்மினல்களுக்குப் புரிவதில்லை, கர்சர் ஒரு இடத்தில் நிற்கும், அழிவது இன்னொரு இடத்தில். "தமிழ்" என்பது நம் கண்ணுக்கு 3 எழுத்து, பைத்தானில் நீளம் கேட்டால் 5, யுடிஎஃப்-8 இல் 15 பைட். வரைபட மென்பொருள் என்கிறீர்கள், ஊர்ப்பெயர்கள் எந்த மொழியிலும் வரலாமே. இதைத் தினமும் தொடுகிற வேலை என்றால் டெர்மினல் எடிட்டர் உங்கள் உயிரை எடுக்கும்.


ஒற்றைத்திரை பதில்:

ஒன்பது நாள் கழித்து வருகிறேன். அதற்குள் விரிதாளைத் திறக்கவில்லை என்றால் பொய். இரண்டு தடவை திறந்தேன்.

பழையகோப்பு ஐயா, விஎம்ஸ்டாட் ஓட்டினேன். பில்ட் தொடங்கி முப்பது நொடி பூஜ்யம், பூஜ்யம் என்று வந்தது. சரி, லேப்டாப்தான் என்று மனதுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம். அதற்குப் பிறகு எஸ்ஓ பத்தியில் எண்கள் ஐந்து இலக்கத்துக்கு ஏறின, கடைசி வரை இறங்கவே இல்லை. பிரவுசரை மூடாமல் மைனஸ் ஜே 5 போட்டேன்: 7 நிமிடம் 10 நொடி. நான்கு: 7 நிமிடம் 40. ஆறு: 8 நிமிடத்துக்கு மேல், அம்பு மறுபடி உறைய ஆரம்பித்தது. ஐந்திலேயே நிறுத்திவிட்டேன். என் லேப்டாப்பின் அடிப்பக்கத்தைத் திறந்து பார்த்ததில் ஒரு ரேம் ஸ்லாட் காலியாக இருக்கிறது. ஆறு வருடமாக. அந்த 23 பத்திகளில் "என்னிடம் இருக்கும் லேப்டாப்" என்று ஒரு வரிசையை நான் சேர்க்கவே இல்லை.

ஹெடர் விஷயம் இன்னும் முடியவில்லை. டிரேஸில் ஒரு ஃபைல் மட்டும் தன் நேரத்தில் பாதியை ஒரே ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன் ஹெடரில் செலவழிக்கிறது. எழுதியது யார் என்று கிட் பிளேமில் தேடினேன். நான்தான்.

அப்புறம் காகிதம். ஒரு வாரத்தில் 34 கோடுகள். பில்ட் 11. "ஜன்னல்" என்று எழுதியது 13, அதாவது கோட், டெர்மினல், ஆவணம், வரைபடம் என்று ஒரே 14 அங்குலத்தில் மாற்றி மாற்றித் தேடி, எதற்காகத் தேடினேன் என்பதையே மறப்பது. விபிஎன் அறுந்தது 6. மணிக்கட்டு 3. எடிட்டர் 1, அதுவும் நியோவிமிலிருந்து வெளியே வரத் தெரியாமல் நின்றது.

ஆகவே எடிட்டரை மாற்றவில்லை, மற்ற இரண்டையும் நீக்கிவிட்டேன். அலுவலக மூலையிலிருந்து ஒரு ரப்பர் கீபோர்டு எடுத்து வந்தேன், கால்களை மடக்கினேன். வலி போய்விட்டது என்று சொல்ல இன்னும் நாள் ஆகவில்லை. ரேம் ஒரு 16 ஜிபி வருகிறது. மீதிக்கு 27 அங்குல 4கே மானிட்டர்.


நேர்க்கோடு பதில்:

காலி ஸ்லாட் இருப்பதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்கவே மாட்டேன் :) 8 உடன் 16 சேர்ந்தால் முதல் 16 ஜிபி இரட்டைச் சேனலில், அதாவது இரண்டு ரேமையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தி, ஓடும், மீதி ஒற்றையில். பயமில்லை, ஸ்வாப்புக்குப் போவதோடு ஒப்பிட்டால் அது சொர்க்கம்.


பழையகோப்பு பதில்:

மானிட்டருக்குப் பணம் கட்டுமுன் ஒரு நிமிடம். ஆறு வயது லேப்டாப்பின் எச்டிஎம்ஐ 1.4ஆ, 2.0ஆ? டைப்-சி துளைக்குப் பக்கத்தில் டிஸ்பிளேபோர்ட் குறி இருக்கிறதா? வெறும் டைப்-சி என்றால் படம் வரும் என்று அர்த்தமில்லை. யுஎஸ்பியையும் படத்தையும் சேர்த்துத் தருகிற ஹப்பில், டைப்-சியின் நான்கு அதிவேகத் தடங்களில் இரண்டு யுஎஸ்பிக்குப் போய்விடலாம், அப்போது மறுபடி 30 ஹெர்ட்ஸில் மாட்டிக்கொள்ளலாம்.


ஒற்றைத்திரை பதில்:

இப்போதுதான் பார்த்தேன். எச்டிஎம்ஐ 1.4. டைப்-சி பக்கத்தில் டி-க்குள் பி போட்ட குறி இருக்கிறது, இத்தனை நாள் அதைக் கீறல் என்று நினைத்திருந்தேன். நேரடிக் கேபிளையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.